ஆலையும் அதனைச் சூழ்ந்த சிற்றுழவரும்

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பது நம் நாட்டிற் பயிலும் பழமொழி. ஆலையுள்ள ஊரார் பேறு பெற்றோர் என்பது அதனுட் பொதிந்த குறிப்பு. அக்குறிப்பு எவ்வளவிற்கு உண்மையாம் என்பதை ஆராயப் புகுவார்க்கு நெல்லிக்குப்பத்தினும் ஏற்றதோர் ஊர் தென்னாட்டிற் கிடைப்பதரிது. கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே அமைந்த இவ்வூர், தன்கண் உள்ள சர்க்கரை ஆலையாலேயே நாடெங்கும் அறியப்படுவது. அவ்வாலை போன்ற பேராலைகளைச் சூழ்ந்து வாழும் சிறு கரும்புழவரின் நிலை யாது, அவர்க்குச் செய்யத்தக்க உண்மையான உதவி யாது என்பவற்றை இவ்விதழின் வாசகர் முன் வைப்பதே எம் கருத்து. நம் மாணாக்கருள் உழவர் குடியிற் பிறந்தோர் பலராதலின், இஃது அயலார்க்குரிய பொருளன்று.

1788-ஆம் ஆண்டிற் சென்னையில் தாமஸ் பாரி என்பார் தொடங்கிய வாணிகக் கம்பெனியின் வழிவந்தது இவ்வாலை. 1842-ஆம் ஆண்டில் நெல்லிக்குப்பத்தில் நிறுவப்பட்டதென அக்கம்பெனியார் கூறுவர். 1981-ஆம் ஆண்டில் அக்கம்பெனி முருகப்பா குழுமத்தார் கைக்கு வந்தது. முற்காலத்தில் உழவர் தம் கொட்டகையிற் காய்ச்சிய வெல்லமும் இவ்வாலைக்கு மூலப்பொருளாயிருந்தது. இச்செய்தி சிறிதாயினும் கருதத்தக்கது. வெல்லம் காய்ச்சும் குடியானவன் விலை தாழ்ந்தபோது அதனைப் பானையிலிட்டு வைத்து, விலை ஏறியபோது விற்கலாம். இவ்வியாபாரி வேண்டாவெனின் அவ்வியாபாரியிடம் செல்லலாம். கரும்பாகவே ஆலைக்கு விற்கத் தொடங்கிய நாளில் காய்ச்சும் உழைப்பு அவனை விட்டு நீங்கிற்று. பொறுத்திருந்து விற்கும் உரிமையும் அதனோடு உடன் நீங்கிற்று.

இம்மாவட்டத்தில் இரு பெருந்தொழில்கள் உள. ஒன்று 1956-ஆம் ஆண்டில் தோன்றிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம். மற்றொன்று கரும்பாலைத் தொழில். முன்னது நிலத்தையே கொள்வது. நிலம் கொடுத்தான் ஊர் விட்டுப் போகின்றான். அவன் வழக்கு வெளிப்படை. அதனை நாட்டார் அனைவரும் அறிவர். பின்னதோ நிலத்தை உழவனிடமே விட்டு விளைவை மட்டும் கொள்கின்றது. பட்டா அவன் பெயரில் உள்ளது. வரி அவன் செலுத்துகின்றான். வறட்சியும் வெள்ளமும் அவனுடையவை. ஆயின் எந்த இனக் கரணையை நடுவது, எந்நாளில் வெட்டுவது, எவ்விடத்தில் எடை போடுவது, என்ன விலை பெறுவது என்பவற்றுள் அவன் தானே முடிவு செய்யத்தக்கது மிகச் சிறிதே. இவ்வழக்கு வெளிப்படையன்று, ஆகவே ஆராய்ச்சிக்கு உரியது.

அயல்நாடுகளிற் பெருந்தோட்டங்களை நடுவில் வைத்துச் சுற்றிலும் சிறு குடியானவரை அமைப்பர். நம் தமிழ்நாட்டிற் சிறு குடியானவரே தோட்டம். 2015-16-ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஓர் உழவனுக்குரிய நிலத்தின் சராசரி அளவு 0.75 எக்டேர், அஃதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இத்தகைய துண்டு நிலங்கள் பல்லாயிரம் சேர்ந்தே ஓர் ஆலையின் வாய்க்கு இரை அளிக்கின்றன.

நிற்க. கரும்புழவன் ஆலைக்குக் கட்டுப்படுவதன் காரணம் யாது? முதற்காரணம் கரும்பின் இயல்பே. வெட்டிய கரும்பு ஒருநாட் பொழுது வெயிலிற் கிடப்பினும் எடை குறையும். அதனுள் உள்ள சர்க்கரையும் திரியத் தொடங்கும். ஆகவே தொலைவிலுள்ள சந்தைக்கு அதனைக் கொண்டு செல்லுதல் இயலாது. இரண்டாம் காரணம் சட்டம். 1949-ஆம் ஆண்டின் சென்னைச் சர்க்கரை ஆலைகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியும், பின்வந்த மத்திய ஆணைகளின் வழியும், ஒவ்வோர் ஆலைக்கும் இன்ன இன்ன ஊர்கள் என்று பரப்பு ஒதுக்கப்படும். 2006-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இரண்டு ஆலைகளுக்கிடையே 15 கிலோமீட்டர் தூரமேனும் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இதனால் ஆலைக்குக் கரும்பு உறுதி. உழவனுக்கும் வாங்குவோன் உறுதி. ஆயினும் வாங்குவோன் ஒருவனே. மூன்றாம் காரணம் கடன். கரணைக்கும் எருவுக்கும் வாங்கிய கடன், கரும்புப் பணத்தினின்றே கழிக்கப்படும். இம்மூன்று கயிறுகளும் சேர்ந்தே உழவனை ஆலையோடு பிணிக்கின்றன. பிணிப்பு என்பது தன்னளவில் தீதன்று. ஏரும் நுகமும் பிணிப்பாலன்றோ பயன்படுவன? ஆயின் நுகத்தில் இரு புறமும் ஒத்த பாரம் உள்ளதா என்பதே வினா.

பாரத்தைச் சமன் செய்யச் சட்டம் முயலாமலில்லை. 1932-ஆம் ஆண்டில் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி கிடைத்தது. ஆலைகள் சில ஆண்டுகளிற் பன்மடங்கு பெருகின. ஆலைகளைக் காத்த அரசு உழவரையும் காத்தல் வேண்டும் என்னும் குரல் எழவே, 1934-ஆம் ஆண்டிற் கரும்பிற்குக் குறைந்த விலை குறிக்க மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் சட்டம் பிறந்தது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் விலை கொடுக்கப்படல் வேண்டும் என்றும், தவறின் ஆண்டிற்கு 15 விழுக்காடு வட்டி சேரும் என்றும் கூறுகின்றது. 2009-10 முதல் 'நியாயமான ஆதாய விலை' என்பதனை மத்திய அரசு ஆண்டுதோறும் குறித்து வருகின்றது.

அவ்விலையின் கணக்கை மாணாக்கர் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று. 2025-26-ஆம் பருவத்திற்குக் குவிண்டால் ஒன்றுக்கு ரூ.355 என விலை குறிக்கப்பட்டது. ஆயின் அஃது 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானம் உள்ள ஆலைக்கு உரியது. கட்டுமானம் என்பது நூறு பங்கு கரும்பினின்று கிடைக்கும் சர்க்கரையின் பங்கு. அது 0.1 விழுக்காடு ஏறின் ரூ.3.46 கூடும், இறங்கின் அவ்வளவே குறையும். 9.5 விழுக்காட்டிற்குக் கீழ்ப்பட்ட ஆலைகளில் மேலும் குறைக்காது ரூ.329.05 தரப்படும். ஏக்கருக்கு 40 டன் விளைந்ததெனக் கொள்வோம். கட்டுமானத்தில் ஒரு புள்ளியின் பத்திலொரு பங்கு வேறுபடின், உழவனுக்கு ஏக்கரொன்றில் ரூ.1,384 வேறுபடும். பிள்ளையின் பள்ளிச் செலவோ, ஒரு மூட்டை உரமோ அவ்வேறுபாட்டில் அடங்கும். அத்துணைப் பெறுமதியுள்ள அந்த எண்ணை அளப்பவர் யார்? ஆலையார். அளக்கும் இடம் எது? ஆலையின் உட்புறம். உழவன் அறிவது முடிவினை மட்டுமே. அன்றியும் அந்த எண் ஆலை முழுமைக்கும் ஒரே சராசரி. பருவமறிந்து நட்டு, சோகை உரித்து, இனிப்பேறிய கரும்பை அனுப்பியவனுக்கும், சோகையும் மண்ணுமாய் அனுப்பியவனுக்கும் டன் விலை ஒன்றே. நன்றாய்ச் செய்தவன் நன்மை காணானாயின், நன்றாய்ச் செய்ய மனம் எங்ஙனம் எழும்?

இனி, உதவி என்று நாட்டில் வழங்குவது யாது என்று பார்ப்போம். ஆலைகள் நாற்று வழங்குகின்றன. சொட்டுநீர்க் குழாய்க்கு வழி செய்கின்றன. அகன்ற பாரில் ஒற்றைப் பருவிலிருந்து வளர்த்த நாற்றை நடும் முறையைக் கற்பிக்கின்றன. 1912-ஆம் ஆண்டு முதல் கோயம்புத்தூரில் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிலையம் உலகு புகழ் இனங்களை ஈன்றது, டி. எஸ். வெங்கட்ராமனார் அங்குச் செய்த பணி இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்கே உயிர் கொடுத்தது. நம் கடலூரிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையமும் கோ.க. 671 போன்ற இனிப்பு மிக்க இனத்தைத் தந்தது. மாநில அரசு 2024-25-ஆம் பருவக் கரும்பிற்கு டன்னுக்கு ரூ.349 சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும் இவற்றுட் பெரும்பாலன கொடுப்போன் மனத்தைப் பொறுத்தவை. இவ்வாண்டு உண்டு, வரும் ஆண்டு இல்லை என்று நிற்பவை. உழவன் இவற்றைக் கையேந்திப் பெறுகின்றான், கேட்டுப் பெறுதற்கில்லை. சிற்றுழவனுக்கு முதற்கண் வேண்டுவன கொடைகளல்ல. அளவை, காலம், அவை என்னும் மூன்று உரிமைகளே என்பது எம் துணிபு.

முதலாவது அளவை. எடையும் கட்டுமானமும் இரு திறத்தார்க்கும் பொதுவான மூன்றாமவரால் அளக்கப்படல் வேண்டும். இது புதுமையான கோரிக்கையன்று. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து அரசு 1915-ஆம் ஆண்டிலேயே கரும்பு விலை வாரியங்களை அமைத்து, உழவர் பிரதிநிதிகளையும் ஆலையார் பிரதிநிதிகளையும் அவற்றில் அமர்த்திற்று. மொரீசியசுத் தீவின் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. ஆங்குச் சிறு கரும்புழவருட் பெரும்பாலோர் நம் நாட்டினின்று ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் வழியினர். தமிழரும் அவருள் அடங்குவர். அவர்கள் விரும்பிப் பயிரிட்ட 'ஊபா' என்னும் கரும்பினத்திற் சர்க்கரை குறைவு என்று கூறி, 1937-ஆம் ஆண்டில் ஆலையார் அதன் விலையில் 15 விழுக்காட்டைக் குறைத்தனர். அக்குறைப்பு நியாயமா அன்றா என அறிய உழவர்க்கு வழியில்லை. சினம் மூண்டது, வேலை நிறுத்தமும் கலகமும் எழுந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. விசாரணைக் குழு அமைந்தது. அதன்பின் 1939-ஆம் ஆண்டில், ஆலைக்கும் உழவர்க்கும் இடையே நின்று கரும்பை அளந்தும் வழக்குத் தீர்த்தும் வரத்தக்க நடுவர் வாரியம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. உயிர் கொடுத்தபின் கிடைத்த அந்நடுவுநிலையை, உயிர் கொடாமலே நாம் பெறலாகாதா? எடைமேடைக்கருகில் உழவர் சங்கத்தின் ஆள் ஒருவன் நிற்பதும், சர்க்கரைப் பரிசோதனைக்குக் கரும்பு மாதிரி இருவர் முன்னிலையில் எடுக்கப்படுவதும், நாடோறும் கட்டுமானம் வாயிலிற் பலகையில் எழுதப்படுவதும் பெருஞ்செலவுடையன அல்ல. நேர்மையான ஆலைக்கு இவற்றால் இழப்பில்லை. அதன் நேர்மைக்குச் சான்று கிடைக்கும்.

இரண்டாவது காலம். கரும்பு முற்றி, வெட்டு உத்தரவு வாராது நின்றால், பூத்துச் சாறு வற்றும், எடை குறையும், அடுத்த மறுதாம்பும் பிந்தும். ஆள்வலியுடையான் உத்தரவை முன்னரே பெறுதலும், வலியற்றவன் வரப்பில் நின்று வானம் பார்த்தலும் நேராவண்ணம், நடவு நாளின் வரிசைப்படி வெட்டு முறை எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டப்படல் வேண்டும். பணத்தின் காலம் இதனினும் பெரிது. 14 நாள் என்னும் விதி நம் மாநிலத்திற் பல ஆலைகளில் ஏட்டளவாய் நின்றதை எல்லாரும் அறிவர். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் மூடப்பட்ட ஆலையின் உழவர்கள், கரும்பு நிலுவை வரவில்லையென்றும், தங்கள் பெயரில் வங்கிக் கடன் பெறப்பட்டதென்றும் முறையிட்டு, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய போராட்டத்தை நெடுநாள் நடத்தினர். கரும்பு கொடுத்தவனே கடன்காரனாய் நிற்கும் இவ்விந்தையைப் பார்த்தபின், "கரும்பு தின்னக் கூலியா" என்னும் பழமொழியை எவ்வாறு சிரித்துச் சொல்லுதல் கூடும்? வட்டி விதியை உழவன் வழக்காடிப் பெறும்படி விடாது, நிலுவை 15-ஆம் நாளைத் தொட்டவுடன் தானே கணக்கில் ஏறும்படி செய்தல் அரசின் கடமை.

மூன்றாவது அவை. உழவர்க்கு ஆலையின் முடிவுகளில் இருக்கை வேண்டும். மகாராட்டிரத்தில் பிரவரா என்னுமிடத்து விட்டல்ராவ் விகே பாட்டீலும் பொருளியலறிஞர் காட்கிலும் முயன்று, உழவரே பங்குதாரராகிய கூட்டுறவு ஆலையை எழுப்பினர். அது 1950-ஆம் ஆண்டில் அரைக்கத் தொடங்கிற்று. நம் மாவட்டத்திலும் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை உண்டு. கூட்டுறவு என்னும் பெயரே எல்லா நோய்க்கும் மருந்தாகாது. அரசியலும் நட்டமும் புகுந்து வாடிய கூட்டுறவு ஆலைகள் பல. ஆயினும் உரிமையாளர் எவராயினும், வெட்டு வரிசை, இனத் தேர்வு, கழிவுப் பொருள்களின் வருவாய் ஆகியவற்றை உழவரோடு இருந்து பேசும் அவை ஒவ்வோர் ஆலைக்கும் இன்றியமையாதது. கரும்புச் சக்கையினின்று மின்சாரமும், பாகினின்று எரிசாராயமும் பெறும் காலம் இது. 2012-ஆம் ஆண்டில் ரங்கராஜன் குழுவினர், சர்க்கரையும் அதன் உடன்பொருள்களும் தரும் வருவாயில் 70 விழுக்காடு உழவர்க்குரியது என்று பரிந்துரைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. பங்கு கேட்பவன் கணக்கைப் பார்த்தல் வேண்டுமன்றோ?

ஆலையார் தரப்பில் மறுப்பொன்று எழும். அதனை மறைத்தல் நேர்மையாகாது. சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலை 2019-ஆம் ஆண்டிற் கிலோவிற்கு ரூ.31 எனக் குறிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் அசையாது நின்றது. அதே காலத்திற் கரும்பு விலையோ 2018-19-இல் குவிண்டாலுக்கு ரூ.275 ஆக இருந்தது 2025-26-இல் ரூ.355 ஆயிற்று. "எம் சுமையே பெரிது, உழவர்க்கு மேலும் உரிமை கொடுப்பின் ஆலை நில்லாது" என்பர். சுமை உண்மையே. ஆயின் யாம் கேட்பவற்றுட் பெரும்பாலன பணச் செலவுடையன அல்ல, நம்பிக்கைக்குரியன. நம்பிக்கை குன்றியதால் விளைவது என்ன என்பதையும் கண்டோம். 2011-12-ஆம் பருவத்தில் ஏறத்தாழ 24 லட்சம் டன் சர்க்கரை ஈன்ற தமிழ்நாடு, 2017-18-ஆம் பருவத்தில் ஏறத்தாழ அதில் மூன்றிலொரு பங்களவிற்குச் சுருங்கிற்று. 2016-ஆம் ஆண்டின் பருவமழைப் பொய்ப்பு பெருங்காரணம். நிலுவை கண்டு மனம் வெறுத்து உழவர் வேறு பயிருக்குச் சென்றதும் காரணமே. உழவன் கரும்பை விட்டால், ஆலையின் உருளைகள் எதனை அரைக்கும்? சிற்றுழவன் ஆலைக்கு வெளியே நிற்கும் அயலானல்லன். அவன் நிலமே ஆலையின் அடித்தளம்.

இவ்வாராய்ச்சி கரும்போடு முடிவதன்று. நம் மாநிலத்து உழவரிடம் எண்ணெய்ப் பனை என்னும் புதுமரத்தைப் பரப்பும் முயற்சியும் நடந்து வருகின்றது. 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு ரூ.11,040 கோடி மதிப்பில் இதற்கெனத் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது. சமையல் எண்ணெயில் பெரும்பங்கை அயல்நாட்டினின்று வாங்கும் நாட்டிற்கு இம்முயற்சி வேண்டுவதே. ஆயினும் இம்மரமும் கரும்பின் உடன்பிறப்பென்பதை உழவர் உணர்தல் வேண்டும். அறுத்த குலையை ஒருநாளைக்குள் ஆலை சேர்த்தல் நலம்; தவறின் எண்ணெயின் தரம் கெடும். பரப்புகள் கம்பெனிகளுக்கு ஒதுக்கப்படும். ஆகவே இங்கும் வாங்குவோன் ஒருவனே. விலையும் கச்சா எண்ணெயின் விலையில் இத்தனை விழுக்காடு என்னும் கணக்கினால் அமைவது. கரும்பு பிடிக்கவில்லையெனின் இரண்டு மூன்று ஆண்டில் அழித்து நெல் நடலாம். பனையோ பயன் தர நான்காம் ஆண்டு வரும்; பின்னர் இருபத்தைந்து ஆண்டு நிலத்தை விடாது; கோடையில் நீரும் மிகுதியாய் வேண்டும். கரும்பிற் பிழைத்தால் ஒரு பருவம் போம். பனையிற் பிழைத்தால் ஒரு தலைமுறை போம்.

மலேசிய நாட்டின் படிப்பினையும் உண்டு. அங்கு 1956-ஆம் ஆண்டில் தோன்றிய பெல்டா என்னும் அரசு அமைப்பு நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றி, தோட்டமும் ஆலையும் பள்ளியும் அமைத்து, ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்களை வறுமையினின்று ஏற்றியது. உலகம் வியந்த செயல் அது. ஆயினும் அக்குடியேறிகளுட் சிலரே பிற்காலத்தில், தம் குலைகளின் எண்ணெய் விழுக்காடு குறைத்துக் கணிக்கப்பட்டதென்று நீதிமன்றம் ஏறினர். வீடும் நிலமும் கொடுத்த கொடையாளிக்கும், பெற்றவனுக்கும் இடையே பூசல் மூண்டது எதனால்? அளவையால். மொரீசியசில் மூண்டதும் அதனாலேயே. நாடு வேறு, பயிர் வேறு, காலம் வேறு, புண் ஒன்றே. ஆதலின் எண்ணெய்ப் பனை நடுமாறு கேட்கப்படும் உழவன், கன்றுக்கு எத்தனை ரூபாய் மானியம் என்று வினவுமுன், எண்ணெய் விழுக்காட்டை அளப்பவர் யார், பணம் எத்தனை நாளில் வரும், ஆலை மூடின் மரத்தை என் செய்வது என்னும் மூன்றினையும் எழுத்திற் கேட்டுப் பெறுவானாக.

அன்புடைய மாணாக்கர்காள்! உங்கள் தந்தையார் கையொப்பமிடும் ஆலைப் பதிவுத் தாளை நீங்கள் ஒருமுறையேனும் படித்ததுண்டா? விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அதனைப் படித்து அவர்க்கு விளக்குங்கள். எடைச்சீட்டுகளை நாள்வாரியாய்க் குறித்து வையுங்கள். பணம் வந்த நாளையும் பக்கத்தில் எழுதுங்கள். வேதியியல் பயில்வோர், கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் சிறு கருவியை வயலுக்கு எடுத்துச் சென்று, எந்நாளில் எவ்வினம் எவ்வளவு இனிக்கிறது என்று குறித்தல் அரியதன்று. பொருளியல் பயில்வோர் ஓர் ஊரின் நிலுவைக் கணக்கைத் தொகுத்தால், அது தேர்வுக்கு எழுதும் பத்துக் கட்டுரைகளினும் பயனுடையதாம். ஆலைகளில் அலுவலராய்ப் பணிபுரியும் நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல்: எடைமேடையில் வண்டியோடு நிற்பவன் உங்கள் கம்பெனியின் பெயரேட்டில் இல்லாத பங்காளி என்பதை மறவாதீர்கள்.

ஆலையுள்ள ஊரார் பேறு பெற்றோரே, ஆலையின் அளவுகோலை அவர்களும் பார்க்க முடியுமாயின். அந்நாள் வரும்வரை, அவ்வளவுகோலைக் காட்டுமாறு கேட்பது கற்றோர் கடமையாம்.